கடைசிப் பனையிலிருந்து

ஜூன் 4

வசுமதி மேடத்துக்கு டாக்டர் வேண்டுமாம்.

படத்தின் கடைசியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் ஒருவர் தேரிக்குள் நடந்து வந்து டார்ச் அடிக்க, அந்த வெளிச்சம் பட்டுப் பேய் பொசுங்கிச் சாக வேண்டுமாம். "ஒரு பாசிடிவ் மெசேஜோட முடியணும் கனி. பாக்கறவங்களுக்கு நம்பிக்கை வரணும் இல்லையா?" எங்கள் ஊர்த் தேரியில், அந்தச் செம்மணல் காட்டில், மத்தியான வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்தால் டாக்டரைத்தான் நாலு பேர் சுமந்துகொண்டு வரவேண்டியிருக்கும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. என்னோடு படம் வரைகிற ஹாரூன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

மேடத்தின் 'தெளிவு' அறக்கட்டளை மனநலத்துக்காகப் பாடுபடுகிறது. நன்றாகப் பாடுபடட்டும். பன்னிரண்டு நிமிட அனிமேஷன் படத்துக்கு எங்களை நம்பிக் கொடுத்ததும் அவர்கள்தான். ஆனால் தடந்தின்னி பேய் இல்லை என்று இந்த அம்மாவுக்கு எத்தனை முறைதான் சொல்வது? இன்றைக்கும் சொன்னேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. மனசில் பாரத்தோடு ஒருவன் தேரிக்குள் போனால் தடந்தின்னி அவன் பின்னாலேயே வருவாள். கடிக்க மாட்டாள், அடிக்க மாட்டாள். அவன் வைக்கிற ஒவ்வொரு காலடித் தடத்தையும் தின்றுகொண்டே வருவாள். அவன் திரும்பிப் பார்த்தால் மணல் வழவழவென்று கிடக்கும், யாருமே நடந்து வராத மாதிரி. அப்போது அவனுக்குத் தோன்றும், தான் எங்கிருந்தும் வரவில்லை என்று. வீடு இல்லை, ஊர் இல்லை, திரும்பிப் போக இடமே இல்லை என்று. அவ்வளவுதான் அவள் செய்வது. இதில் எரிப்பதற்கு என்ன இருக்கிறது?

உள்ளே போய்த் தேடவும் கூடாது. தேடுகிறவன் தடத்தையும் தின்றுவிடுவாள். அதனால் வீட்டு ஆட்கள் தேரி ஓரத்தில் கடைசிப் பனையடியில் நின்று, உள்ளே பார்த்துச் சத்தமாகச் சேதி சொல்வார்கள். பெயரைச் சொல்லக் கூடாது. 'வா' என்று சொல்லக் கூடாது. அழக் கூடாது. வீட்டுச் சேதி மட்டும். ஆடு குட்டி போட்டிருக்கிறது, குழாயில் தண்ணி வந்துவிட்டது, குழம்பில் உப்புக் கூடிப்போச்சு. அவன் காதில் விழுந்தால் சேதி வருகிற பக்கம் தானாக நடந்து வருவான். அன்றைக்கே வரலாம். மாதக்கணக்கிலும் ஆகலாம்.

"அப்ப மருந்தே வேண்டாம்னு சொல்றீங்களா?" என்றார் மேடம்.

நான் எப்போது சொன்னேன்? எங்கள் வீட்டில் அண்ணனுடைய மாத்திரை டப்பா உப்புச் சாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் தினமும் வேண்டும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். ஹாரூன் மறுபடியும் மிதித்தான்.

ஜூன் 5

பால் வாங்க மறந்துவிட்டேன். கடுங்காப்பி. மதியம் பிஸ்கட்.

ஜூன் 8

வீட்டுக்கார அம்மா படியில் மடக்கிக்கொண்டார். "கனி, மொட்டை மாடில யாரோ காலை இழுத்து இழுத்து நடக்கறாங்கம்மா. எங்க வீட்டுக்காரருக்குத் தூக்கமே வரல. நீதானா?"

மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. நானும் நடப்பேன், யோசிப்பதற்காக. வேலை அப்படி. ஆனால் நான் காலை இழுத்து நடக்கிறவள் இல்லை. நடையை வரைந்து வயிற்றைக் கழுவுகிறவள். யார் எப்படி நடக்கிறார்கள் என்று எனக்கு இந்த அம்மா பாடம் எடுக்க வேண்டாம். வாசலில் காயப்போட்டிருந்த அவருடைய வடகத்தைத் தாண்டும்போது மிதித்துவிடலாமா என்றிருந்தது. மிதிக்கவில்லை.

இன்று மாசானத்தின் நடையை முடித்தேன். தேரிக்குள் போகிற ஆள்தான் மாசானம். அவனுக்கும் என் அண்ணன் லிங்கதுரைக்கும் ஒரு ஒற்றுமையும் கிடையாது. அண்ணன் ஒல்லி, இவன் பருமன். அண்ணனுக்குக் கண்ணாடி, இவனுக்கு முறுக்கு மீசையும் தலைப்பாகையும். அண்ணன் கணக்கு வாத்தியார், இவன் மாட்டு வியாபாரி. படம் ஆரம்பிக்கும் முன்பே அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், உன் கஷ்டத்திலிருந்து கதை வரும், ஆனால் அது நீதான் என்று ஒருத்தருக்கும் தெரியாது என்று. அவனும் யோசித்து, சரி என்றான். வாக்கை அச்சுப்பிசகாமல் காப்பாற்றியிருக்கிறேன்.

நடை ஓடுவதைப் பார்த்து ஹாரூன் எழுந்து நின்றுவிட்டான். வலது காலை மணலிலிருந்து பிடுங்குவதுபோல் எடுக்கிறான் மாசானம். இடது கை சட்டை நுனியை விடாமல் பிடித்திருக்கிறது. சில எட்டு வைத்ததும் யாரோ கூப்பிட்ட மாதிரி நிற்கிறான். யாரும் இல்லை. மறுபடி நடக்கிறான்.

"உடம்பு சிலிர்த்துப்போச்சு கனி. எங்கேருந்து புடிச்ச இத?"

"ரெஃபரன்ஸ்," என்றேன். பார்த்து வரைவதற்கு எல்லோரும்தான் வீடியோ வைத்துக்கொள்கிறார்கள். அது இந்தத் தொழிலில் சாதாரணம்.

ஜூன் 12

அண்ணன் போன் செய்தான். தானாக. நான் எடுத்ததும் முதலில் பயந்துதான் போனேன்.

"ஏட்டி, ஒம்பதாங்கிளாஸ் குடுத்திருக்காவ. கணக்கு."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு வேலை. பக்கத்து ஊர்த் தனியார் பள்ளிக்கூடம். முதல் நாள் கரும்பலகைக்கு முன்னால் நின்றதும் கை நடுங்கியதாம். சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டானாம். "பொறவு ஒரு பய கைய தூக்குனான். சார், மைனஸும் மைனஸும் சேந்தா எப்படி சார் பிளஸ் ஆவும்னான். அதுக்கு மேல கை நடுங்கல." பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. புதுச் சட்டை எடுக்க வேண்டும், பழையதெல்லாம் காலர் கிழிந்து கிடக்கிறது என்று.

இந்த வேலை நிலைத்தால் போதும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், படம்கூட.

அது பொய். படமும் வேண்டும்.

ஜூன் 18

ஹாரூன் வரைந்த தேரி மஞ்சளாக இருந்தது. சண்டை. தேரி மஞ்சள் இல்லை, தார்ப் பாலைவனம் இல்லை, ஒட்டகம் இல்லை. ரத்தக்கட்டி மாதிரி சிவப்பு. ஆடிக் காற்றில் ஒரு மேடு இருந்த இடத்தில் மறுநாள் பள்ளம் இருக்கும். பனைமரம் கழுத்துவரை புதைந்து நிற்கும். முறைத்துக்கொண்டே சிவப்பாக மாற்றினான். நன்றாக வந்தது. அதை மேடத்துக்கு அனுப்பினால், சிவப்பு வன்முறையாக இருக்கிறதாம், பார்ப்பவர்கள் மனம் பாதிக்குமாம். எங்கள் ஊர் மண்ணிடம் நீங்களே போய்க் கலர் மாற்றச் சொல்லுங்கள் என்று பதில் எழுதினேன். ஹாரூன் என் கையிலிருந்து மௌஸைப் பிடுங்கி அதை அழித்தான்.

இரண்டு நாளாக அம்மா கூப்பிட்டு நான் எடுக்கவில்லை. வேலை.

ஜூன் 23

என்னைக் கேட்காமல், ஒரு வார்த்தை கேட்காமல், டீசரை வெளியிட்டுவிட்டார்கள்.

அரை நிமிடம். அதில் வேறு எதுவும் இல்லை. மாசானம் நடக்கிறான், பின்னால் தடம் ஒவ்வொன்றாக மறைகிறது. கீழே கொட்டை எழுத்தில் என் பெயர், முழுப் பெயர், சந்தனக்கனி. 'இயக்குநர் தன் சொந்த மண்ணில் கண்ட உண்மை.' யார் எழுதியது இதை? நான் எங்கே சொன்னேன்? முதல் கூட்டத்தில் ஏதோ பேச்சுவாக்கில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லியிருப்பேன். மனிதர்கள் என்று நம்பிச் சொன்னதையெல்லாம் விளம்பரத்தில் போடுவார்களா? நாற்காலியை உதைத்ததில் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது.

ஜூன் 26

அம்மா. இந்த முறை எடுத்தேன்.

"ஏட்டி, அது ஒன் அண்ணன் நடையல்லா."

"எவன் சொன்னான்?"

"எவன் சொல்லணும்? ஊரே சொல்லுது. பால்காரரு போன நீட்டி, இது ஒம்ம மவன்தானன்னு கேக்காரு. மீசைய வச்சா ஆளு தெரியாதாட்டி? மணல்ல கெடக்கற தடத்தப் பாத்தே இன்னார் போயிருக்கான்னு சொல்லுத ஊரு இது."

மீதியை அம்மா சொல்லத் தயங்கினாள். நான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் போனில் பார்த்துவிட்டார்கள். அண்ணன் வராந்தாவில் போகும்போது பின்னாலேயே வரிசையாக நடக்கிறார்களாம். வலது காலைப் பிடுங்கிப் பிடுங்கி. சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு. அவன் நின்றால் அவர்களும் நிற்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாதவர்கள்போல் கலைந்துவிடுகிறார்கள். மைனஸும் மைனஸும் கேட்ட பையனும் அந்த வரிசையில் இருந்தானாம். கரெஸ்பாண்டன்ட் கூப்பிட்டு, கொஞ்ச நாள் லீவு போடுங்க சார், எல்லாம் அடங்கட்டும் என்றாராம்.

அந்தப் பையன்களின் காதைப் பிடித்துத் திருக வேண்டும். அந்தக் கரெஸ்பாண்டன்டை அதே வராந்தாவில் நிற்கவைத்துக் கேட்க வேண்டும், லீவு போட வேண்டியது அண்ணனா, அவர்களா என்று. அந்த ஊரைச் சொல்ல வேண்டும். அடுத்தவன் காலைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத ஊர். வசுமதியை என்ன செய்வதென்றே தெரியவில்லை. இனி அவருக்கு மேடம் கிடையாது.

ஜூன் 27

வசுமதியிடம் கத்தினேன். டீசரை எடுங்கள் என்றேன்.

"எடுத்துடறோம் கனி, நெஜமாவே ஸாரி. ஆனா ஒண்ணு சொல்லணும், ரீச் பிரமாதம். அந்த நடைதான் எல்லாரையும் புடிச்சு இழுக்குது."

எடுத்தார்கள். எடுத்து என்ன? ஊரில் ஒவ்வொரு போனிலும் இருக்கிறது.

ஜூன் 29

அண்ணன் பேசினான். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"கனி, இப்ப நான் எப்படி நடக்கேன்னு தெரியுமா ஒனக்கு?"

"நல்லாத்தான் நடக்க, அண்ணே."

"ஆமா. எல்லாரையும் மாதிரித்தான் நடக்கேன். அந்த நடை எங்கிட்ட இப்ப கெடையாது. எனக்கு முடியாம கெடந்த அந்த மூணு மாசம் மட்டுந்தான் இருந்துச்சு. நம்ம கிணத்தச் சுத்தி நடந்தேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்தேன். எனக்கே அது மறந்துபோச்சு. ஒனக்கு எப்படி சட்டை நுனி மொதக்கொண்டு ஞாபவம் இருக்கு?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எங்கேருந்துட்டி எடுத்த? மாடி சன்னல்லேருந்தா?"

பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. எங்கள் ஊரில் டவர் மோசம்.

ஜூன் 30

அந்த வீடியோ இன்னும் போனில்தான் இருக்கிறது. அழிக்கவில்லை. தொழிலுக்கு எடுத்த எதையும் நான் அழிப்பதில்லை. எடுக்கும்போது படம் என்ற யோசனைகூட இல்லை. எதற்காக எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டாக்டரிடம் காட்டலாம் என்றுதான் எடுத்தேன். காட்டவில்லை.

ஹாரூன் சோறு வாங்கி வந்தான். பிரிக்காமல் வைத்திருந்ததைப் பார்த்து, "நீ ஊருக்குப் போ," என்றான். நீ உன் வேலையைப் பார் என்றேன்.

ஜூலை 3

அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டானாம். பழையபடி. மாத்திரை மட்டும் போட்டுக்கொள்கிறான் என்று அம்மா சொன்னாள். டிக்கெட் போட்டேன். கிடைத்தது கழிவறைக்குப் பக்கத்து சீட்டு. ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் சத்தமாக வீடியோ பார்த்துக்கொண்டே வந்தார். அதைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறியாமல் இறங்கியதே பெரிய விஷயம்.

ஜூலை 4

வீடு. காற்று ஆரம்பித்துவிட்டது. கதவைத் திறந்தால் தட்டில் மணல்.

அம்மா சாயங்காலம் அண்ணன் அறைக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே கதவிடம் சேதி சொல்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மூன்றாவதும் பெண். தண்ணீர் மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது. ரேஷனில் இந்த மாதம் பருப்பு இல்லை. தேரிக்குப் போகவில்லை என்றாலும் கதவுக்கு அந்தப் பக்கம் தேரிதான் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த மூன்று மாதமும் தினமும் இப்படித்தான் உட்கார்ந்தாள். படத்தின் கதையே எனக்கு இங்கிருந்துதான் வந்தது.

அம்மா எழுந்து போனதும் நான் கதவைத் தட்டினேன். வசுமதி செய்ததையெல்லாம் விவரமாகச் சொன்னேன். நான் எப்படிக் கத்தினேன் என்றும், டீசரை எடுக்க வைத்ததையும், அந்தப் பையன்களைச் சும்மா விடப்போவதில்லை என்பதையும். உள்ளே ஒரு அசைவும் இல்லை. நான் இவ்வளவு பேசுகிறேன், ஒரு 'உம்' கொட்டக்கூடவா முடியாது? கோபத்தில் கதவை ஓங்கித் தட்டிவிட்டேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "நியாயம் பேசுத எடமாட்டி இது? அப்பவும் நீ மாடியிலதான இருந்த. ஒரு நா எறங்கி வந்து ஒரு சேதி சொல்லிருப்பியா?"

எனக்கு அப்போது வீட்டிலிருந்தே வேலை. நேரமே கிடையாது. அதை அம்மாவுக்குப் புரியவைக்க முடியாது.

ஜூலை 5

இதை எழுதும்போதும் கையில் மணல் ஒட்டியிருக்கிறது.

மதியம் சாப்பாட்டுத் தட்டை வைக்கப் போனால் கதவு திறந்து கிடந்தது. அண்ணன் இல்லை. போன் கட்டிலில். செருப்பு வாசலில். பால்காரர்தான் சொன்னார், தேரிப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்று. நான் ஓடினேன். அம்மா ஓடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடந்து வந்தாள்.

கடைசிப் பனையடியில் நின்று பார்த்தால் சிவப்பைத் தவிர ஒன்றுமில்லை. காற்று மணலை வாரி வாரி இறைத்தது. அவன் போன தடம் ஒன்றுகூட இல்லை. படத்தில் இதே இடத்தைத்தான் வரைந்திருக்கிறேன், இதே பனை, இதே மேடு. வரைந்தபோது அழகாக இருந்தது. நான் உள்ளே காலை வைத்தேன். அம்மா என் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டாள். நான் சிறுபிள்ளையாக இருந்தபோதுகூட அப்படி இழுத்ததில்லை.

"அண்ணே!" என்று கத்தினேன். "என்ன மன்னிச்சிரு அண்ணே! வா அண்ணே!"

முதுகில் பளீரென்று ஓர் அடி. "மன்னிப்பு ஒரு சேதியாட்டி? நீ செஞ்சதையும் அவன் தலையில சொமத்துதியா? வீட்டுச் சேதி சொல்லு."

அம்மா ஆரம்பித்தாள். அவளுக்குப் பஞ்சமே இல்லை. மோட்டார்க்காரன் நாளைக்கு வருவான். பூனை அரிசிச் சாக்கில் படுத்திருக்கிறது. சாளை மீன் விலை இறங்கியிருக்கிறது. தொண்டை கட்டுகிறவரை சொன்னாள். பிறகு இருமிக்கொண்டே என்னைக் கைகாட்டினாள்.

என்னிடம் சேதி இல்லை. இந்த வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. எது வாங்கினார்கள், எது உடைந்தது, யார் வந்து போனார்கள், ஒன்றும். போன் வந்தபோதெல்லாம் நான் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன், சென்னையில் என் ஒற்றை அறையைப் பற்றி.

"வீட்ல பால் இல்ல! வாங்க மறந்து மறந்து போவுது! கடுங்காப்பிதான் குடிக்கேன்! துணி மூட்டையா கெடக்கு, தொவைக்கல! கீழ் வீட்டு அம்மா சண்டைக்கு வாரா, நான் மாடில கால இழுத்து நடக்கேனாம்! அவ வீட்டுக்காரருக்குத் தூக்கம் வரலையாம்! எனக்கும் வரல!"

கத்தக் கத்த எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு கேவலமான சேதியைக் கேட்டு எவன் வருவான்?

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெயில் சாயும்போது மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை தெரிந்தது. நேராக, வேகமாக, எல்லோரையும் மாதிரி நடந்து வந்தான். கிட்டே வந்ததும் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு கோபத்தை அவன் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. எனக்கு உயிர் வந்தது.

"எத்தன நாளாட்டி கடுங்காப்பி குடிக்க?"

அம்மா முந்தானையால் அவன் தலையிலிருந்த மணலைத் தட்டினாள். அவன் விலகிக்கொண்டான். என்னைத்தான் பார்த்தான்.

"என் கதைய எடுத்துக்கன்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா? ஆனா அந்த நடைய நான் தரல. நான் ஒருத்தன் கீழ கெடந்து சாவுதேன், நீ சன்னல்ல நின்னு படம் புடிச்சிருக்க. நீ எறங்கி வந்திருக்கணும், கனி. அத படத்துலேருந்து எடுத்துரு. வேற நடைய வரை. வரையறதுக்கு முன்னால எங்கிட்ட காட்டு."

சரி என்றேன். சொல்ல நிறைய இருந்தது, என் பக்கத்து நியாயம் எல்லாம். அத்தனையையும் விட்டுவிட்டு அவன் பின்னால் வீட்டுக்கு நடந்தேன்.

ஜூலை 9

சென்னை. வசுமதியிடம், நடையை மாற்றப் போகிறேன் என்றேன். அந்த நடைதான் படமே என்றார். விழாவுக்கு அனுப்ப நாள் நெருங்குகிறது என்றார். அந்த நடை இருந்தால் படத்தில் என் பெயர் இருக்காது, நானும் இருக்க மாட்டேன் என்றேன். டாக்டரும் வர மாட்டார் என்று அதே மூச்சில் சொன்னேன். ஹாரூன் இந்த முறை காலை மிதிக்கவில்லை. "நானும்தான் மேடம்," என்றான். வசுமதி காலண்டரைப் பார்த்தார். மாத முடிவுவரை நேரம் கொடுத்தார். சரி, மேடம் என்றே சொல்லிவிடுகிறேன்.

போனிலிருந்த வீடியோவை அழித்தேன்.

ஜூலை 12

புது நடை வேண்டும். யாருடையதையும் திருடக் கூடாது. என்னுடையதையே வரைவது என்று முடிவு செய்தேன். ஹாரூனை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கேமராவோடு நிற்கவைத்தேன். மனசில் பாரத்தோடு நடக்கிறவள்போல் நடித்து நடந்தேன். தோளைத் தொங்கப்போட்டு, தலையைக் குனிந்து. கேவலமாக இருந்தது. நாடகக் கம்பெனியில்கூடச் சேர்க்க மாட்டார்கள்.

"விடு. நீ சும்மா நட, எப்பவும் நடக்கற மாதிரி. கடைசி சீன் எப்படி முடிக்கறதுன்னு யோசி," என்றான். யோசித்துக்கொண்டு நடந்தேன். அவன் இருப்பதையே மறந்துவிட்டேன்.

கீழே வந்து திரையில் ஓடவிட்டோம்.

ஒரு பெண் நடக்கிறாள். இடது கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. தேய்த்துக்கொண்டே போகிறது. சத்தம்கூடப் பதிவாகியிருக்கிறது, சர்ர், சர்ர் என்று. ஒரு கை மறு கையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. நாலைந்து எட்டுக்கு ஒருமுறை நிற்கிறாள். திரும்பித் தரையைப் பார்க்கிறாள். மறுபடி நடக்கிறாள். மறுபடி நின்று, திரும்பித் தரையைப் பார்க்கிறாள்.

சிமெண்டுத் தரையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

"ஏன் இத எடுத்த?" என்று ஹாரூனிடம் கத்தினேன்.

"நீதான எடுக்கச் சொன்ன."

"எனக்குத் தெரியாம ஏன் பாத்துட்டு நின்ன?"

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். கொஞ்சம் கழித்துக் கதவுக் கைப்பிடியில் ஒரு இட்லிப் பொட்டலம் தொங்கியது.

வீட்டுக்கார அம்மாவின் வடகத்தை மிதிக்காமல் விட்டது நல்லதுதான்.

சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறது. அண்ணனுக்கு வீடியோவை அனுப்பினேன். 'இதை வரையட்டுமா?' என்று மட்டும் கேட்டேன். இது யார் என்று எழுதவில்லை. அவன் தடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லுகிற ஊர்க்காரன்.

ஜூலை 13

காலையில் போன். எடுத்ததும் நான்தான் முந்திக்கொண்டேன்.

"அண்ணே, வீடியோ பாத்தியா? அது வந்து, நடிப்புதான். ஹாரூன் கேமரா ஆங்கிள் சரியில்ல."

"மோட்டார் ஓடுதுட்டி," என்றான்.

"என்ன?"

"காயில் மாத்தியாச்சு. இப்ப தண்ணி நல்லா ஏறுது. முருங்கையில பூ எடுத்திருக்கு. காத்துல பாதி கொட்டிப்போச்சு, மீதி நிக்குது."

"நான் கேக்கது வீடியோவ. வரையலாமா கூடாதா?"

"அம்மா சாளக் கருவாடு வறுக்கா. வாசம் தெருவரைக்கும் போவுது. பூன மூணு குட்டி போட்டிருக்கு, அரிசிச் சாக்கு மேலயே. அம்மா சாக்க நவுத்தாம பக்கத்துல கைய விட்டு அரிசி எடுக்கா. நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போறேன். லீவு வேண்டாம்னு சொல்லிட்டேன். அவனுவ பின்னால நடந்தா நடக்கட்டும், பத்து நாள்ல காலு வலிக்கும். புதுச் சட்டைக்கு அம்மா பட்டன மாத்தித் தச்சுட்டா."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இவன் பாட்டுக்கு எதையோ அடுக்கிக்கொண்டே போகிறான். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. எடுத்ததிலிருந்து அவன் ஒருமுறைகூட என் பெயரைச் சொல்லவில்லை. ஊருக்கு வா என்று சொல்லவில்லை. குரல் லேசாகக் கம்மியது. உடனே செருமிச் சரிசெய்துகொண்டு, பால்காரர் சைக்கிளை விற்றுவிட்டு வண்டி வாங்கியதைச் சொல்ல ஆரம்பித்தான்.

போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வண்டி என்ன கலர் என்று கேட்டேன். நீலம் என்றான். ஹாரன் கரகரவென்று அடிக்கிறதாம். பிறகு அங்கே காற்றடிப்பது கேட்டது. என் பக்கத்திலிருந்து ஒரு சேதி வர வேண்டும் என்று அவன் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னைக்குப் பால் வாங்கிட்டேன்," என்றேன்.

பொய். போனை வைத்துவிட்டுப் போய் வாங்கினேன்.